பெயர் அறிந்த ஆண்டவர்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாம் மேடை ஏறிப் பழகியவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்திலே பேரேடும் கோப்புமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் காலத்தைக் கழித்து வருகின்ற ஓர் எழுத்தர். செயலாளர் அவர்கள் எம் இல்லம் தேடி வந்து, “சென்ற திங்கள் திருக்குறள் பேசினோம், அதற்கு முந்திய திங்கள் தாயுமானவர், இத்திங்கள் உங்கள் வேதத்தைப் பற்றி நீங்கள்தாம் பேச வேண்டும்” என்று சொல்லிவிட்டார். மறுக்க முயன்றோம். எம் மனைவியார் காப்பி கொண்டு வந்த அந்த இடைவேளையில் அவர் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஆதலால் பிழை இருப்பின் பாதி அவரைச் சேரும்.

இந்த அவையில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். மதமாற்றப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. எமக்கு அதில் விருப்பமும் இல்லை. எம் சமயத்துக்கும் எம் உத்தியோகத்துக்கும் பொதுவாக ஒரு பொருள் உண்டு. அது பெயர்ப்பட்டியல். நாள் முழுதும் பட்டியல் எழுதிக் கை தேய்ந்த எழுத்தன் ஒருவன் வேதத்தைத் திறந்தால் அவன் கண்ணில் எது படுகின்றது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகின்றோம்.

நாம் வாழும் இந்தக் கோபாலபுரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாலையின் ஒரு முனை பொள்ளாச்சிக்குப் போகின்றது, மறுமுனை கொழிஞ்சாம்பாறை வழியே பாலக்காட்டுக்குப் போகின்றது. நடுவிலே சோதனைச் சாவடி. வெளியூரார் நம் ஊரை அறிந்திருப்பதெல்லாம் அந்தச் சாவடியால்தான். ஆயினும் விடியுமுன் எழுந்து பார்ப்பவர்க்கு வேறோர் ஊர் தெரியும். கையில் அரிவாளும் இடுப்பில் குடுவையுமாகத் தென்னந்தோப்புக்குள் போகின்றவர்கள். ஒரே மரத்தில் நாளொன்றுக்கு இரண்டு முறை, மூன்று முறை ஏறி இறங்குகின்றவர்கள். சித்தூர் வட்டத்தில் இறக்கும் கள் கேரள மாநிலத்தின் பல மாவட்டங்களுக்கும் வண்டி வண்டியாகச் செல்கின்றது. குடிப்பது நன்றா தீதா என்ற வழக்கை இப்போது தொடவில்லை. அந்த மரத்தின் உச்சியில் இருக்கின்றவனை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதையே சொல்ல வருகின்றோம். செங்கற்சூளையிலும், தேங்காய்க் களத்திலும், மாட்டுத் தொழுவத்திலும் அதே நிலைதான்.

எம் துறையையும் சொல்லிவிடுகின்றோம். பாலக்காடு பொள்ளாச்சிப் பாதை 1932-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008-இல் வண்டிகளை நிறுத்தினார்கள். 2015-இல் மீண்டும் வண்டி ஓடியது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் மீனாட்சிபுரத்திலும் முதலமடையிலும் கொல்லங்கோட்டிலும் சரளைக் கல்லைக் கூடையில் சுமந்தவர்கள் யாவர்? நம்மில் சிலர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருப்போம். பெயர் கேட்டிருக்க மாட்டோம். தண்டவாளத்தைக் காப்பவரை இப்போது காகிதத்தில் வேறு மதிப்பான பெயரால் எழுதுகின்றோம். வாயில் வருவதென்னவோ கேங்மேன் என்பதுதான். வெயிலிலும் மழையிலும் அவர் தம் பகுதியை நடந்தே பார்த்து, கழன்ற ஆணியைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகின்றார். வண்டிக்குள் துயில்கின்ற ஆயிரம் பேருக்கு அவர் நடந்தது தெரியாது.

இனி வேதத்துக்கு வருவோம்.

புனித பவுல் என்னும் அடியார் கொரிந்து நகரில் இருந்துகொண்டு உரோமை நகரத்துக் கிறிஸ்தவர்க்கு ஒரு நீண்ட திருமுகம் எழுதினார். அதில் ஆழமான ஞானமெல்லாம் உண்டு. பண்டிதர்கள் அதை நூற்றாண்டு நூற்றாண்டாக விளக்கி வந்திருக்கின்றார்கள். அதன் கடைசி அதிகாரத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவாரில்லை; ஏனென்றால் அது வெறும் பெயர்ப்பட்டியல். இன்னாருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், இன்னாருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்று இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். கோயிலில் அதை வாசிக்கும்போது எம் பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விடுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். எமக்கோ அந்த அதிகாரத்தில்தான் தூக்கம் கலைந்தது. பெர்சி, திரிபேனா, திரிபோசா என்று மூன்று பெண்கள்; அவர்களைப் பற்றி ஒரே செய்திதான் சொல்லப்பட்டிருக்கின்றது: அவர்கள் உழைத்தார்கள். அப்பட்டியலிலுள்ள பெயர்கள் பல, அக்காலத்தில் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வழங்கியவை என்று கற்றோர் கூறுகின்றனர்.

முடிவில் இன்னொன்று. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் வேறொருவர். அவர் ஓர் எழுத்தர். தெர்த்தியு என்று பெயர். திருமுகம் முடியும் தறுவாயில் தாமே இடையில் புகுந்து, இதை எழுதியவன் நான் என்று தம் வாழ்த்தையும் சேர்த்துவிடுகின்றார். ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியின் கடிதத்தைத் தட்டச்சு செய்கின்ற எழுத்தர் அடியில் தம் வணக்கத்தையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை எம்மைப் போன்றோர் அறிவர். குறிப்பாணை கையில் கிடைக்கும். பவுல் அதை அடிக்கவில்லை. தெர்த்தியு என்றால் இலத்தீன் மொழியில் மூன்றாமவன் என்று பொருள். அடுத்த வசனத்தின் முடிவில் வருகின்ற பெயர் குவார்த்து. அதன் பொருள் நான்காமவன். எளியோர்க்கும் அடிமைகளுக்கும் எண்ணையே பெயராக இடும் வழக்கம் உரோமையரிடையே இருந்தது. டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூலி கொடுக்கின்ற இடத்தில் நின்றவர்க்கு இது புதிதன்று. அந்த மூன்றாமவனும் நான்காமவனும் இரண்டாயிரம் ஆண்டுகளாக, உலகத்து மொழிகளிலெல்லாம், கோயில் தோறும் பெயர் சொல்லி வாசிக்கப்படுகின்றார்கள்.

ஆண்டவர் தாம் சொன்ன கதை ஒன்றும் உண்டு. செல்வன் ஒருவன் பட்டாடை உடுத்து நாள்தோறும் விருந்துண்கின்றான். அவன் வாயிலில் புண்ணோடு ஓர் ஏழை கிடக்கின்றான். இருவரும் இறந்த பின் நிலை தலைகீழாகின்றது. கதை எல்லோரும் கேட்டதுதான். யாம் காட்ட விரும்புவது, செல்வனுக்கு அக்கதையில் பெயர் இல்லை என்பது. ஏழைக்கு மட்டும் பெயர் உண்டு, இலாசர். உவமைக்கென ஆண்டவர் படைத்த மாந்தருள் பெயர் பெற்றவன் இவன் ஒருவனே. உலகத்துப் பதிவேடுகளில் செல்வனுடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், வாயிலில் கிடப்பவன் ‘மற்றும் பலர்’ என்பதில் அடங்குவான். ஆண்டவருடைய பதிவேடு வேறு வகையாக எழுதப்படுகின்றது.

இலாசர் என்ற எபிரேயப் பெயரின் கருத்து, கடவுள் துணை செய்தார் என்பது. அதைத் தமிழாக்கினால் தேவசகாயம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது திருவிதாங்கூர் அரசின் அலுவலர் நீலகண்ட பிள்ளை ஏற்றுக்கொண்டது இந்த ஏழையின் பெயரைத்தான். செல்வாக்குள்ள குடியிற் பிறந்தவர் அவர். சாதி வேற்றுமை பாராமல் எளியோரோடு பழகினார். பல துன்பங்களுக்குப் பின் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் அந்நிலை பெற்ற முதல்வர் அவரே. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்தால் சிலர் பழமை என்று சிரிக்கின்றார்கள். சிரிக்கட்டும்.

நம் மாவட்டத்திலும் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. கோயமுத்தூர், கோழிக்கோடு ஆகிய இரண்டு மறைமாவட்டங்களிலிருந்தும் பிரித்து, 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. எல்லைப்புறத்தில் தமிழ் பேசுகின்ற உழைப்பாளிக் குடும்பங்கள் பல இதில் அடங்கியிருக்கின்றன. ஆண்டவரிடம் தாய்மொழியிலே அழுவதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ?

இப்போது மூணாற்றுக்குச் செல்வோம். இடுக்கியில் நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ உள. இந்த அவையிலும் அங்கே பெண் கொடுத்தவர்கள் இருக்கின்றீர்கள். 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து அம்மலை நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். பிறகு திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிப் போடி வழியே மலையேற்றினார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறியவர்கள் அவர்கள்.

இரயில்வேக்காரர் ஆதலின் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அம்மலையிலே ஒரு காலத்தில் இரயில் ஓடிற்று! 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பட்டு, குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே தேயிலையைச் சுமந்தது. அங்கிருந்து கம்பிவழியாகத் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளத்தில் அப்பாதை அடியோடு போயிற்று, திரும்பப் போடவில்லை. மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் சொல்லுவது அதைத்தான். பழைய நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இன்றும் நிற்கின்றது. ஒருமுறை அதன் முன் நின்று, ஏதோ உறவினர் வீட்டைப் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பொறுமை இழந்து யானை பார்க்கப் போகலாம் என்றார்கள்.

அவ்வூரில் ஒரு குன்றின்மேல் தென்னிந்தியத் திருச்சபையாரின் கற்கோயில் உண்டு. 1910, 1911-ஆம் ஆண்டுகளில் எழுந்தது. ஆனால் அதன் கல்லறைத் தோட்டம் கோயிலுக்கு மூத்தது. தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினார் நைட் என்பவர் 1894-இல் காலரா கண்டு இறந்தார். அக்குன்றின் அழகைக் கண்டு, தாம் இறந்தால் அங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமென்று கணவரிடம் சொல்லியிருந்தார் என்பர். திருமணமாகி வந்த சில நாட்களிலேயே அவ்வாறாயிற்று. அந்தக் கல்லறையைக் காண்பவர் கண் கலங்காமல் திரும்புவதில்லை, எமக்கும் கலங்கியது. அம்மையாருக்கு அக்கல் உரியதே. அதே மலையில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்ட நம் பாட்டன் பாட்டிமாருக்குக் கல் இல்லை. தேயிலைச் செடிதான் அடையாளம்.

பழைய மூணாற்றில் 1898-இல், ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த கார்மேல் சபைத் துறவி அல்போன்ஸ் அடிகளார் ஒரு சிறு கோயிலை நிறுவினார். மலைநாட்டின் முதற் கத்தோலிக்கக் கோயில் அதுவே. தோட்டத்துத் தமிழர் வந்து மண்டியிட்ட அக்கோயில் 2024-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. எம்மை மிகவும் தொட்டது கோபுரமன்று. கோயிலில் திருமுழுக்குப் பதிவேடு என்று ஒன்று இருக்கும். தோட்டத்துச் செக்ரோலில் ஆளை எழுதுவது எத்தனை இராத்தல் கொழுந்து பறித்தாள் என்பதற்காக. திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதுவது அவள் இன்னாருடைய மகள், இந்நாளில் ஆண்டவருடைய பிள்ளையானாள் என்பதற்காக. இரண்டும் காகிதமே, இரண்டும் மையே. ஓர் எழுத்தர்க்கு அவற்றின் வேறுபாடு தெரியும்.

2015 செப்டம்பரில் அம்மலையின் கொழுந்து பறிக்கும் பெண்கள், போனஸ் குறைந்ததென்று, தலைவர் எவரையும் எதிர்பாராமல் தாமே கூடித் தெருவில் அமர்ந்து ஒன்பது நாளில் வழக்கை வென்றனர். நாடே அப்போதுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தது. ஐந்தாண்டு கழித்து மறுபடியும் பார்க்க நேர்ந்தது. எப்படிப் பார்க்க நேர்ந்தது என்பதைச் சொல்லத் தயங்குகின்றோம்.

2020 ஆகஸ்டு 6, இரவு. பெட்டிமுடி. நாள் முழுதும் கொழுந்து பறித்து வந்து படுத்திருந்தவர்கள் மீது மலை சரிந்து விழுந்தது. மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, வழியில் பெரியவரைப் பாலமும் போய்விட்டிருந்தது. மறுநாள் காலைதான் செய்தி வெளியே வந்தது. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. அவர்களுட் பலர் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பத்தினர். அது கொரோனாக் காலம். நம் கோபாலபுரத்துச் சாவடியில் அனுமதிச் சீட்டுக்காக வண்டிகள் நின்றதை நாம் கண்டோம்; அதே எல்லைச் சட்டத்தைக் கடந்துதான் ஊரிலிருந்த உறவினர்கள் தம் பிணங்களைத் தேடி மலையேற வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மாலை கரிப்பூரில் விமானம் விழுந்தது. அங்கேயும் இருபத்தொரு பேர் மாண்டனர். இரண்டும் பெருந்துயரம், ஒன்றோடொன்றை நிறுத்துப் பார்க்க எமக்கு உரிமையில்லை. ஆயினும் விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் என்று மாநில அரசின் உதவித் தொகை அறிவிக்கப்பட்டபோது, அது ஏன் என்று பலரும் கேட்டனர். எம் உள்ளமும் கேட்டது. அச்சரிவில் மாண்ட ஒரு குழந்தையைக் குவி என்ற நாய் தேடிக் கண்டுபிடித்ததைப் பத்திரிகைகள் எழுதின. அந்த நாயின் அன்புக்கு வணக்கம். இன்று இந்த அவையில் கேட்டால் நாயின் பெயரைச் சொல்லப் பலர் இருக்கின்றீர்கள். எழுபது பேருள் ஒருவர் பெயரைச் சொல்ல யார் இருக்கின்றார்? எம்மாலும் முடியவில்லை.

“ஆண்டவர் அன்புள்ளவர் என்கின்றீரே, அன்றிரவு அவர் எங்கிருந்தார்?” என்று ஓர் இளைஞர் எம்மை நேரிற் கேட்டதுண்டு; அவர் முன் வரிசையில் இருக்கின்றார். தம்பி, எம்மிடம் விடையில்லை. படித்த குருமாரிடம் கேட்டாலும் அவர்களுள் நேர்மையானவர்கள் தலை குனிவார்கள். யாம் நம்புவது இவ்வளவுதான்: அவர் தச்சன் மகனாகப் பிறந்து, முப்பதாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை ஊர்பேர் தெரியாத நாசரேத்தில் கழித்தார். போதித்தது மூன்றாண்டு அளவே. இறந்தபோது பக்கத்தில் இருவர் அறையப்பட்டிருந்தனர், அடக்கம் செய்ய இடம் இரவல். மண்ணுக்குள் போனவரோடு மண்ணுக்குள் போனவர் அவர். தூரத்து மாளிகையிலிருந்து எண்ணிக்கை கேட்டவர் அல்லர்.

திருச்சபையும் இதைத் தாமதமாகத்தான் உரக்கச் சொல்லிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலாளர் நியாயக்கூலி பெற வேண்டும், சங்கம் சேரும் உரிமை அவர்க்கு உண்டு என்று பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் பாப்பரசர் தம் சுற்றுமடலில் எழுதியது 1891-இல். உலகத் தொழிலாளர் நாளாகிய மே முதல் நாளை, தொழிலாளராகிய புனித சூசையப்பரின் திருநாளாகப் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தது 1955-இல். அதற்குள் எத்தனை தலைமுறை சுமை தூக்கி முடித்திருந்தது!

இனி எம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் முன்பு சொன்னவற்றைச் சொல்லத் தகுதியில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் யாம் வேறோர் ஊரில் இருந்தோம். ஊரும் அலுவலகமும் வேண்டாம். ஒப்பந்தக்காரரின் கீழ் இரவு வேலை செய்த கூலியாள் ஒருவர் விபத்தில் இறந்தார். அறிக்கையைத் தட்டச்சு செய்தது யாம். “ஒப்பந்தக் கூலியாள் ஒருவர் இறந்தார்” என்று அடித்தோம். பெயர் என்னவென்று கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த பட்டியலில் மேஸ்திரியின் பெயரும், ‘மற்றும் 14 பேர்’ என்பதும் இருந்தன. அதையும் அப்படியே கோப்பில் சேர்த்தோம்.

பத்து நாள் கழித்து இறந்தவரின் மனைவி வந்தார். இருபது வயதிருக்கும். இடுப்பில் குழந்தை. “அண்ணா, எங்க வீட்டுக்காரர் இங்கே வேலை செஞ்சாருன்னு ஒரு கடுதாசி கொடுங்க” என்றார். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் வேலை கொடுத்த இடத்தை அப்போது கேட்கலாம் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. எழுத்தர்க்குச் சட்டம் தெரியாமலிருக்குமா? அதைக் கேட்க ஒரு காகிதம் வேண்டும். காகிதத்தில் ஒரு பெயர் வேண்டும். எம் காகிதத்தில் பெயர் இல்லை. “பெயர் பதிவில் இல்லையே அம்மா” என்றோம். மறுவாரம் திரும்ப வந்தார். மேலதிகாரி விடுப்பில் இருக்கின்றார் என்றோம், அது உண்மைதான். மூன்றாம் முறை அவர் வரவில்லை. மேஸ்திரியைத் தேடிப் பிடித்து ஒரு வாக்குமூலம் வாங்கியிருந்தால் போதும். அரை நாள் வேலை. யாம் செய்யவில்லை.

வேதத்தின் தொடக்க நூலிலே ஆகார் என்ற அடிமைப்பெண் வருகின்றாள். கருவுற்றிருந்தவள் கொடுமை தாங்காமல் பாலைவனத்துக்கு ஓடிப்போகின்றாள். அவளுடைய எசமானனும் எசமானியும் ஓரிடத்திலும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அடிமைப்பெண் என்றே சொல்கின்றார்கள். நீரூற்றின் அருகில் வானதூதர் வந்து அவளை ஆகார் என்று பெயர் சொல்லி அழைக்கின்றார். அவளோ, என்னைக் காண்கின்றவர் என்று கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கின்றாள். அப்பக்கம் வரும்போதெல்லாம் அந்த அம்மாளும் இடுப்புக் குழந்தையும் எம் மேசைக்கு முன் வந்து நிற்கின்றார்கள். அவர் கணவர் பெயர் அவர் வாயால் இருமுறை சொல்லக் கேட்டும் எமக்கு நினைவில்லை. குழந்தைக்கு இப்போது இருபது வயது ஆகியிருக்கும்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கின்றார். ஆண்டு விழா மலர்க் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கின்றோம். மலரில் நன்கொடையாளர் பெயர்கள் இரண்டு பக்கம் வரும், வர வேண்டியதே. பந்தல் போடுவோர், சமையற்கட்டில் பாத்திரம் துலக்க வருவோர், விழா முடிந்த இரவு மைதானத்தைப் பெருக்குவோர் ஆகியோர் பெயர்களுக்கு அரைப் பக்கம் வேண்டும். சென்ற ஞாயிறு யாமே வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிக்கொண்டோம். பதினேழு பெயர்கள். ஒருவர் மட்டும், “எம் பேரு எதுக்குங்க சார், ஏதாவது கேஸா?” என்று பயந்து கதவைச் சாத்தப் போனார். அவருக்கு விளக்கிச் சொல்லி எழுதி வாங்கக் கால் மணி நேரம் பிடித்தது. பட்டியல் இதோ சட்டைப் பையில் இருக்கின்றது. செயலாளர் அவர்களிடம் இப்போதே கொடுத்துவிடுகின்றோம்.